பொட்டும் கோடும்

சகலைகள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிர் வீடு, நடுவில் பன்னிரண்டடி சிமெண்டு முற்றம், அதன் ஓரத்தில் ஒரு தகர ஷெட். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பெண்டாட்டிகள் வழியாகத்தான் போகும், வரும். மூத்தவளைக் கட்டியவர் பஸ் டெப்போவில் ஃபோர்மேன். இளையவளைக் கட்டியவன் அதே டெப்போவில் மெக்கானிக்காக இருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவன். வீட்டில் அவன் சின்னவன்.

வெளியே அவன் பெயர் லூசு. மூளையில் ஒன்றும் குறையில்லை. போல்ட்டை லூசாக விட்டவன் என்பதால் லூசு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால், "லூசு வந்திருக்கான், என்ன வேணும்னு கேளு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டியதைச் சொல்லுவான். எந்த ஒர்க்‌ஷாப்பும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தப் பிக்கப் வண்டியில் கண்டதையும் ஏற்றி இறக்கிக் காலத்தை ஓட்டினான்.

நடந்தது இதுதான். ஒரு பஸ் எஞ்சினைக் காலை ஷிஃப்டில் பாதி பூட்டி வைத்துவிட்டு மூத்த சகலை வீட்டுக்குப் போனார். அப்போது அவர் ஃபோர்மேன் ஆகவில்லை, மூத்த மெக்கானிக். மதிய ஷிஃப்டுக்கு வந்த சின்னவன் மீதியைப் பூட்டினான். டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை அளவாக இறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு வைப்பார்கள். பொட்டு இருந்தால் அடுத்தவன் அதைத் தொட வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் பிஸ்டனோடு ஆடும் ராடைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. சின்னவன் பார்த்தான், மூடினான், கார்டில் கையெழுத்துப் போட்டான். சோதனை ஓட்டத்தில் பதினோராவது கிலோமீட்டரில் ராடு எஞ்சினின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது.

நல்லவேளையாக ஆளுக்கு அடியில்லை. விசாரணையில் சின்னவன், "பொட்டு இருந்துச்சு" என்றான். மூத்த சகலை, "நான் அதை இறுக்கவே இல்லையே, அது அடுத்த ஷிஃப்டு வேலை" என்றார். அவரே பிரித்து வைத்த போல்ட்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்தார்கள். ஒன்றிலும் பொட்டு இல்லை. லூசாக விட்டவன் என்பதோடு பொய்யன் என்றும் ஆயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் சின்னவன் பெண்டாட்டியை எதிர்வீட்டுக்கு அனுப்பினான். பிரிக்கும்போது பொட்டை யாராவது துடைத்தார்களா என்று கேட்டு வரச் சொன்னான். போனவள் வாசலோடு திரும்பி வந்தாள்.

"காதுல விழலைன்னு சொல்லுன்னாரு அத்தான்."

அடுத்த மாதம் அவர் ஃபோர்மேன் ஆனார்.

அதற்கப்புறம் சின்னவனுக்கு ஒரு வியாதி வந்தது. பொட்டை உண்மையிலேயே பார்த்தோமா என்று தனக்குள் கேட்டுக்கொள்ளுகிற வியாதி. பல் தேய்க்கும்போது கேட்பான், சிக்னலில் நிற்கும்போது கேட்பான். முதல் வருஷம் பார்த்தேன் என்று பதில் வந்தது. மூன்றாவது வருஷம் பார்த்த மாதிரித்தான் இருக்கிறது என்று வந்தது. சகலையை வெறுத்ததைவிட அந்த 'மாதிரி'யை அவன் அதிகமாக வெறுத்தான்.

இந்த நிலைமையில்தான் மலையடிவார மீட்புக்குழுவின் அதிகாரியம்மா அவனிடம் வந்து மாட்டினார். அவர்களிடம் இருப்பதும் இவன் வண்டி போன்றதே. மேட்டு ரோட்டில் ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏறும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். சூப்பர்சார்ஜர் வைத்தால் ஏறும் என்றான் சின்னவன். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற பம்பு அது. எஞ்சினின் தலைமேல் உட்காரும், பெல்ட்டில் சுற்றும். தன் வண்டியில் தானே வைத்துக் காட்டுவதாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்," என்றார் அந்த அம்மாள். "முழு லோடோட தண்ணித்தொட்டி மேட்டுல ஏத்திக் காட்டுங்க. ஏறுச்சுன்னா எங்க மெக்கானிக் நீங்கதான். ஆனா டெப்போல உங்களைப் பத்தி விசாரிப்பேன், அதையும் சொல்லிடறேன்."

விசாரியுங்கள் என்றான் சின்னவன். அவர் விசாரிக்கப் போகிற ஆள் எதிர்வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளாக ஷெட்டில் வேலை நடந்தது. பழைய காற்றுக்குழாய்களைக் கழற்றி, எஞ்சினின் எட்டு வாய்களையும் பழைய பனியன் துணியால் அடைத்து, ஒட்டுகிற இடத்தைச் சுரண்டித் துடைத்து, கசிவை அடைக்கும் புது கேஸ்கெட்டை வைத்தான். ஞாயிறு காலையில் சூப்பர்சார்ஜரைத் தூக்கி வைப்பதுதான் பாக்கி. ஷெட்டின் குறுக்குக் குழாயில் செயின் பிளாக்கை மாட்டி இழுத்தான். குழாய் முனகிக்கொண்டு வளைந்தது. ஐம்பத்தைந்து கிலோ எடை, கீழே இருப்பது கத்தி முனை போன்ற அலுமினிய விளிம்பு. தனியாளாக இறக்கினால் கேஸ்கெட்டும் போகும், விரலும் போகும். தெரிந்தவர்களுக்கு ஃபோன் போட்டான். லூசுக்கு உதவ ஞாயிற்றுக்கிழமையில் யாருக்கும் நேரமில்லை.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இளையவள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரகளையே நடந்திருக்கும். ஃபோர்மேன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் அந்த மஞ்சள் பேனா. ஞாயிற்றுக்கிழமையும் அதைச் செருகிக்கொண்டு திரிகிற ஜென்மம் அது.

வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் இளையவள்.

"ஏம்மா, முன்பக்கத்தை முதல்ல இறக்கச் சொல்லு," என்றார் ஃபோர்மேன்.

"ஏங்க, முன்பக்கத்தை…"

"பின்னாடி ஒரு குழாய் இருக்கு, இடிக்கும். பின்பக்கம்தான் முதல்ல இறங்கணும்னு சொல்லு. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கச் சொல்லு."

"அத்தான், பின்பக்கம்…"

"கேட்டுச்சு. இதையெல்லாம் வீட்டு வாசல்ல வச்சு செய்யறவனுக்கு வாய் வேறயான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? அப்புறம் நான் எதுக்கு நடுவுல?" என்று சொல்லிவிட்டு இளையவள் உள்ளே போனாள். ஆள் போய்விட்டதால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சின்னவன் துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வரிசையாகப் போட்டான். எட்டு. ஃபோர்மேனும் உதட்டை அசைத்து எண்ணினார். பிறகு தூக்கினார்கள். இறக்கும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் ஃபோர்மேனின் நடுவிரல் உள்ளே மாட்டியிருந்ததைச் சின்னவன் பார்த்தான். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், விரல் நசுங்கிவிடும். தளர்த்தலாமா என்று ஒரு நொடி நிஜமாகவே யோசித்தான். பிறகு, "விரல்" என்றான். மூன்று வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் விரலை எடுத்துக்கொண்டார். நன்றி எதுவும் வரவில்லை.

சூப்பர்சார்ஜர் இடத்தில் உட்கார்ந்ததும் சின்னவன் வண்டிக்கு முன்னால் படுத்து பெல்ட்டைச் சுற்றிப் போட்டான், தண்ணீர்க் குழாய்களை மாட்டினான். மேலே ஃபோர்மேன் போல்ட்டுகளைத் திருகும் சத்தம் கேட்டது. யாரும் கேட்காமலே செய்கிறார், செய்து தொலையட்டும் என்று விட்டுவிட்டான். எழுந்து வந்தபோது மணி மூன்றேகால். ஃபோர்மேன் குழாயடியில் கை கழுவிவிட்டு நிழலில் நின்றிருந்தார். வீட்டுக்குப் போகவில்லை. இவன் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்காமல் போகிற உத்தேசம் இல்லை போலிருக்கிறது.

மொத்தம் பத்து போல்ட்டு, பக்கத்துக்கு ஐந்து. நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், காற்று கசியும், மேட்டில் ஏறும்போது கேஸ்கெட் கிழியும். டார்க் ரெஞ்சில் அளவை வைத்துக்கொண்டு சின்னவன் தன் பக்கத்து நடு போல்ட்டை இறுக்கினான். அளவு வந்ததும் க்ளிக் என்றது. அந்தப் பக்கம் குனிந்தான்.

ஐந்து போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பொட்டு இருந்தது.

அவனுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஒரு பக்கம் முழுவதையும் இறுக்கி வைத்திருக்கிறார். இருபத்தைந்து வருஷமாக எஞ்சின் பூட்டுகிறவருக்கு முறை தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிடுவார். வேறு யாராவது வைத்த பொட்டாக இருந்திருந்தால் சரி போகட்டும் என்று தன் பக்கத்தை இறுக்கி முடித்திருப்பான். இவர் வைத்த பொட்டை அப்படியே விட அவனுக்கு மனசு வரவில்லை. ஐந்தையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவது என்று ஸ்பேனரை மாட்டி, பலம் கொண்ட மட்டும் இடப்பக்கம் தள்ளினான்.

ஸ்பேனர் தடையே இல்லாமல் சுற்றியது. கை வழுக்கி அவன் விரல் முட்டி போய் விளிம்பில் இடித்தது, ரத்தம் வந்தது. அதைப் பார்க்காமல் அடுத்த போல்ட்டை விரலால் திருகினான். விரலுக்கே திரும்பியது. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

"இந்தப் பொட்டு யார் வச்சது?"

"வேற யாரு இருக்கா இங்க?" என்றார் ஃபோர்மேன். கோபத்தில் அவரும் நேராகவே பேசிவிட்டார்.

"இறுகல."

"இறுக்குனேன்னு எவன் சொன்னான்? கையால திருகி உக்கார வச்சேன். உக்காந்ததுக்குப் பொட்டு. ரெஞ்சு போட்டு இறுக்குனா பொட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. கோடு இருக்கா? இல்லையில்ல? அப்ப இறுக்கலைன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம நீ மெக்கானிக்."

"பொட்டுன்னா இறுக்குனதுன்னு டெப்போ சுவத்துல போர்டே மாட்டியிருக்கு."

"போர்டு நேத்து வந்தது. நான் சேர்ந்த நாள்லருந்து எனக்குப் பொட்டு வேற, கோடு வேற. பொண்ணு பாத்ததும் கல்யாணம் ஆனதும் ஒண்ணா? என் கைவேலை அப்படி. நான் ஒரு போல்ட்டுக்குப் பொட்டு வச்சேன்னா…"

அங்கே நிறுத்திவிட்டார்.

வாயிலிருந்து வந்தது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். சின்னவன் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றான். பல் தேய்க்கும்போதும் சிக்னலிலும் கேட்ட கேள்விக்கு, மூன்று வருஷம் கழித்து, எதிரியின் வாயாலேயே பதில் வந்திருக்கிறது. பார்த்திருக்கிறான். மாதிரி இல்லை. நிஜமாகவே பார்த்திருக்கிறான். அவனுக்கு அழுகை வந்தது, இந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று கடித்து அடக்கினான்.

ஃபோர்மேன் தரையில் கிடந்த பனியன் துணி ஒன்றை எடுத்தார். தின்னர் டப்பாவில் ஒரு முனையை நனைத்தார். குனிந்து முதல் போல்ட்டின் பொட்டை ஒரே திருப்பில் துடைத்தார், இரண்டாவதையும் துடைத்தார். துணியை விரலில் சுற்றிய விதம், அழுத்திய விதம், எல்லாவற்றிலும் பழகிய வேகம் இருந்தது. மூன்றாவதற்குப் போனபோது சின்னவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான் துடைச்சீங்களா?"

"கையை விடு."

"ராடு போல்ட்டுல கோடு இல்ல. பொட்டு மட்டும்தான் இருந்துச்சு. பிரிச்சது நீங்க. சொல்லுங்க, துடைச்சீங்களா?"

"வேலையைப் பாரு. நாலு மணிக்கு ஆள் வருது," என்றார் ஃபோர்மேன். கையை இழுத்துக்கொண்டு, துணியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தைக் கடந்தார். தன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார், உள்ளே போகவில்லை.

சின்னவன் வேலையைப் பார்த்தான். ரத்தம் வந்த முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இறுக்கினான். பாதி அளவில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று. ஒவ்வொரு க்ளிக்குக்கும் தன் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டான். துடைபடாமல் தப்பித்த மூன்று மஞ்சள் பொட்டுகளின் குறுக்கேயும் போட்டான். பிறகு லேப்டாப்பை மாட்டிப் புது எரிபொருள் கணக்கை எஞ்சினுக்கு ஏற்றி, சாவியைத் திருப்பினான். முதல் திருப்பில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. பெல்ட்டிலிருந்து ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் எழுந்தது. கசிவு எங்கும் இல்லை.

அதிகாரியம்மா நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தண்ணித்தொட்டி மேட்டில் வழக்கமாக முதல் கியருக்கு இறங்குகிற வளைவை வண்டி இரண்டாவதிலேயே ஏறியது. சின்னவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அந்த அம்மாள் சீட்டின் பின்பக்கம் சாய்ந்தார், கைப்பிடியைத் தேடினார், சிரித்தார். உச்சியில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டெப்போவுக்கு ஃபோன் பண்ணுனேன்," என்றார், தலையைத் தூக்காமல். "எடுத்தவன் லூசான்னு கேட்டுட்டுச் சிரிச்சான். அந்த எஞ்சின் கதை என்ன?"

மூன்று வருஷக் கதையை அங்கேயே கொட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சின்னவன் விழுங்கினான். தான் சொன்னால் அது பொய்யனின் கதை. அவர் வாயால் வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் இந்த அம்மாள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை பொய் சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும்.

"எங்க வீட்டுக்கு எதிர்ல டெப்போ ஃபோர்மேன் இருக்காரு. என் சகலைதான். அவரையே கேளுங்க."

திரும்பி வந்தபோது ஃபோர்மேன் அதே படியில் உட்கார்ந்திருந்தார். மூத்தவள் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளையவள் ஷெட் ஓரத்தில். அதிகாரியம்மா நேராக அவரிடம் போனார்.

"சார், நான் இவரை வேலைக்கு எடுக்கலாம்னு இருக்கேன். ஆளுங்களோட உயிர் இருக்கிற வண்டி. இவர் கையை நம்பலாமா? ஒரு வார்த்தைல சொல்லுங்க."

ஃபோர்மேன் எழுந்து வந்தார். திறந்திருந்த பானெட்டுக்குள் பார்த்தார். பத்து வெள்ளைக் கோடு, மூன்றின் அடியில் மஞ்சள் பொட்டு. சின்னவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பலாம்," என்றார்.

"அப்ப அந்த எஞ்சின்?"

"அதுல பொட்டு வச்சது நான். இறுக்காம வச்ச பொட்டு. இவன் போர்டுல இருக்கிற மாதிரி அதைப் படிச்சான். தப்பு என்னோடது."

"இது உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். "உடைஞ்ச மூணாம் நாள், பிரிக்கிறப்பவே. போல்ட்டுல பொட்டு இருந்துச்சு. நான்தான் துடைச்சேன்." மூத்தவள் நின்ற பக்கம் திரும்பாமல் சொன்னார். "ஃபோர்மேன் லிஸ்டு வர்ற நேரம் அது."

கதவருகில் மூத்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் இது புதுசு. அதிகாரியம்மா ஒரு நோட்டை எடுத்து, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ஃபோர்மேன் பானெட் ஓரத்தில் வைத்தே எழுதினார். வேறு பேனா இல்லாமல் மஞ்சள் பேனாவை எடுத்து, பிறகு கூசிப்போய் அதை உள்ளே வைத்துவிட்டு, அந்த அம்மாளின் பேனாவை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார்.

இந்த நாள் வந்தால் வாய்விட்டுச் சிரிப்பேன் என்று சின்னவன் நினைத்து வைத்திருந்தான். சிரிப்பு வரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் ஒரு நாள் மன்னித்துத் தொலைத்திருப்பான். மூணாம் நாளே தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் ஆயிரம் நாள் இந்த முற்றத்தில் பேப்பர் படித்திருக்கிறார், இவன் லூசு என்று கூப்பிடப்படுவதைக் கேட்டுக்கொண்டு.

"தம்பி," என்றார் ஃபோர்மேன்.

சின்னவன் பானெட்டை ஓங்கிச் சாத்தினான். அவர் வீட்டுக்குள் போனார். உள்ளே மூத்தவளின் குரல் உயர்ந்தது, அவர் குரல் கேட்கவே இல்லை. சின்னவன் தரையில் கிடந்த துணிகளைப் பொறுக்கினான். ஏழு இருந்தது. ஒன்றை எஞ்சினுக்குள்ளேயே விட்டுவிட்டோமோ என்று பானெட் பக்கம் திரும்பினான். எட்டாவது தன் முட்டியில் கட்டியிருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூத்தவள் முற்றத்தைக் கடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. இளையவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொல்லிவிட்டு, சின்னவனைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். இளையவள் ஷெட்டுக்கு வந்து, டார்க் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தவன் பக்கத்தில் நின்றாள்.

"அத்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கறாராம். தப்புத்தான், பெரிய மனசு பண்ணி விட்டுடச் சொல்றாராம்."

சின்னவன் ரெஞ்சின் அளவைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, பெட்டியில் வைத்து மூடினான்.

"காதுல விழலைன்னு சொல்லு."